குளிர்காலத்தில் வீட்டுக்குள் தஞ்சமடையும் ஈக்கள்: புதியவர்களுக்கான வழிகாட்டி

வெளியே பனி உறைந்து கிடக்கிறது. கதவும் சன்னலும் வாரக்கணக்கில் திறக்கப்படவில்லை. ஆயினும் வெயில் தலைகாட்டிய ஒரு நண்பகலில், மாடி அறைச் சன்னல் கண்ணாடியில் பத்து இருபது ஈக்கள் மந்தமாக ஊர்ந்துகொண்டிருக்கின்றன. கடுங்குளிர் நிலவும் நாட்டில் முதல் குளிர்காலத்தைக் கழிப்பவர்கள் இதைக் கண்டதும் வீட்டில் எங்கோ அழுக்கு சேர்ந்துவிட்டது என்றோ, ஏதோ ஒரு சன்னல் சரியாக மூடவில்லை என்றோ எண்ணிக்கொள்வது வழக்கம். பெரும்பாலும் இவ்விரண்டுமே காரணமல்ல. அந்த ஈக்கள் அன்று வந்தவை அல்ல. கோடை முடிந்து இரவுகள் குளிரத் தொடங்கிய நாள்களிலேயே சுவர் இடுக்குகளிலும் கூரைக்கு அடியிலும் புகுந்து, அங்கே அசைவற்றுக் கிடந்தவை. வெயிலோ அறைச் சூடாக்கியோ சுவரை வெதுவெதுப்பாக்கியதும் அவை விழித்து, வெளிச்சத்தைத் தேடிப் புறப்பட்டு, வெளிப்பக்கம் போவதற்குப் பதிலாக அறைப்பக்கம் வந்துவிடுகின்றன.

ஆகவே குளிர்காலத்தில் நாம் செய்யக்கூடியது குறைவு: வெளிப்படும் ஈக்களை அகற்றலாம், அவை அறைக்குள் நுழையும் இடுக்குகளை உட்புறத்தில் அடைக்கலாம். உண்மையான தடுப்பு வேலை கோடையின் பிற்பகுதிக்கு உரியது. குளிர்காலத்தில் பூச்சிமருந்தைத் தெளித்துவிட்டுக் கோடையில் மறந்துவிடுவதால்தான் பல வீடுகளில் இத்தொல்லை ஆண்டுதோறும் தொடர்கிறது என்பது என் கணிப்பு.

முதற்படி: எந்த ஈ என்று அறிந்துகொள்ளுதல்

எல்லா ஈயும் ஒன்றல்ல. ஒவ்வொன்றுக்கும் தீர்வு வேறு. எனவே எதையும் வாங்குவதற்கு முன், இறந்துகிடக்கும் ஈ ஒன்றை வெள்ளைத்தாளில் வைத்து நன்றாகப் பாருங்கள்.

குளிர்காலத்தில் மாடிச் சன்னல்களில் கூட்டமாகத் தென்படுவது பெரும்பாலும் பொலேனியா பேரினத்தைச் சேர்ந்த ஈ. பூச்சிமருந்துப் புட்டிகளிலும் பொறிகளின் உறைகளிலும் ‘கிளஸ்டர் ஃப்ளை’ என்று குறிப்பிடப்படுவது இதுவே. சாதாரண வீட்டு ஈயைவிட இது சற்றுப் பெரியது. ஏறத்தாழ 8 முதல் 10 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். இதன் முதுகில் பொன்னிறமான சுருள் மயிர்கள் காணப்படும். சில பழைய ஈக்களில் அவை உதிர்ந்துபோயிருக்கலாம். உட்கார்ந்திருக்கும்போது இறக்கைகளை ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து வைத்துக்கொள்ளும். வீட்டு ஈயோ இறக்கைகளை இருபுறமும் விரித்தபடி உட்காரும். அதன் முதுகில் நான்கு கருங்கோடுகள் நீளவாக்கில் ஓடும். நடத்தையிலும் வேறுபாடு உண்டு. வீட்டு ஈ அடிக்கக் கை ஓங்கினால் பறந்துவிடும். பொலேனியா சோம்பலாக நகரும், சில வேளைகளில் மல்லாந்து விழுந்து சுழன்றுகொண்டே இருக்கும்.

இதன் வாழ்க்கை முறை வீட்டோடு எவ்வகையிலும் தொடர்பற்றது. தாய் ஈ மண்ணில் முட்டையிடுகிறது. முட்டையிலிருந்து வெளிவரும் புழு, மண்புழுவின் உடலுக்குள் புகுந்து அதைத் தின்று வளர்கிறது. பின்னாளில் சைட்டோகுரோம் (உயிரணுக்களின் சுவாசத்துக்கு உதவும் புரதம்) ஆய்வுகளால் புகழ்பெற்ற டேவிட் கெய்லின் என்ற உயிரியலாளர், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த விசித்திரமான உறவை விரிவாக ஆராய்ந்தார். மண்புழு இல்லாத உங்கள் வீட்டுக்குள் இந்த ஈ பெருக வழியே இல்லை. அது குப்பையிலோ உணவிலோ முட்டையிடாது, கடிக்காது, வீட்டு ஈயைப்போல் மலத்திலிருந்து உணவுக்கு நோய்க்கிருமிகளைச் சுமந்து வருவதும் இதன் வழக்கமல்ல. சமையலறையைக் கழுவித் துடைப்பது நல்லதுதான், ஆனால் அதனால் இந்த ஈயின் எண்ணிக்கை ஒன்றுகூடக் குறையாது. வீடு சுத்தமில்லாததால் ஈ வந்தது என்று விருந்தினர் முன் கூனிக் குறுக வேண்டிய தேவையும் இல்லை.

பொலேனியாவைப் போலவே வீடுகளில் குளிர்காலத்தைக் கழிக்கும் வேறு சில ஈக்களும் உண்டு. மாடுகளின் முகத்தில் மொய்க்கும் மஸ்கா ஆட்டம்னாலிஸ் என்ற ஈ, கால்நடைப் பண்ணைகளுக்கு அருகிலுள்ள வீடுகளில் தஞ்சமடையும். மூன்று மில்லிமீட்டர் அளவே உள்ள மஞ்சள் நிறச் சிறு ஈக்கள் சில ஊர்களில் ஆயிரக்கணக்கில் கூடும். இவற்றைக் கையாளும் முறையும் கீழே சொல்லப்படுவதுதான்.

முற்றிலும் வேறான நிலைமை ஒன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். பளபளப்பான நீலம் அல்லது பச்சை நிறமுள்ள பருத்த ஈக்கள், நடுக்குளிர்காலத்தில் திடீரென ஒரே அறையில் பல தோன்றி ஓரிரு வாரங்களில் நின்றுபோனால், சுவருக்குள்ளோ புகைபோக்கியிலோ எலி அல்லது பறவை ஒன்று இறந்துகிடக்க வாய்ப்பு அதிகம். அந்த உடலைத் தேடி எடுப்பதே தீர்வு. பூந்தொட்டியைச் சுற்றிப் பறக்கும் கொசு போன்ற சிறு பூச்சிகள் ஈரமான தொட்டி மண்ணில் வளர்பவை. நீர் ஊற்றுவதைக் குறைத்தால் குறையும். கழிவுநீர்த் துளையருகே காணப்படும் மயிர் அடர்ந்த சிறு ஈக்கள் குழாயின் உட்சுவரில் படிந்த கசடில் வளர்பவை. ஐயமிருந்தால் இரவில் அத்துளையின் ஒரு பகுதிமேல் ஒட்டுநாடாவைப் பசைப்பக்கம் கீழே இருக்குமாறு ஒட்டி வைத்து, காலையில் பார்த்தால் தெரிந்துவிடும். இவற்றைப் பற்றி இக்கட்டுரை மேற்கொண்டு பேசவில்லை.

இரண்டாம் படி: எங்கே ஒளிந்திருக்கின்றன என்று கண்டறிதல்

இந்த ஈக்கள் வெயிலில் சூடேறும் சுவர்களையே நாடும். வட அரைக்கோளத்தில் அவை தெற்கு, மேற்குப் பக்கச் சுவர்கள். தென் அரைக்கோளத்தில் வடக்கு, மேற்குப் பக்கச் சுவர்கள். உயரமான வீடும், திறந்த வெளியில் தனித்து நிற்கும் வீடும், புல்வெளிகளுக்கு அருகிலுள்ள வீடும் இவற்றை அதிகம் ஈர்க்கும். அதனால்தான் ஒரே தெருவில் ஒரு வீட்டில் மட்டும் ஆண்டுதோறும் ஈ கூடுகிறது, பக்கத்து வீட்டில் ஒன்றுகூட இல்லை. சென்ற ஆண்டு வந்த அதே ஈக்கள் திரும்பி வருவதில்லை. அவற்றின் பின் தலைமுறைகள், அதே அமைப்பால் ஈர்க்கப்பட்டு அதே வீட்டைத் தேர்ந்தெடுக்கின்றன.

வெயில் அடிக்கும் நாளில் ஒவ்வோர் அறையாகச் சென்று, எந்தச் சன்னலில் எத்தனை ஈ என்று குறித்துக்கொள்ளுங்கள். கூரைக்கடியில் அறையோ வெற்றிடமோ (இனி இதைக் கூரைவெளி என்போம்) இருந்தால் கைவிளக்குடன் ஏறி, கூரை மரச்சட்டங்களின் மூலைகளையும் வெப்பக்காப்புப் பஞ்சின் ஓரங்களையும் பாருங்கள். சன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் இடைப்பட்ட சந்து, திரைச்சீலை மடிப்பு, மேற்கூரை விளக்குகளின் கண்ணாடி மூடி ஆகியவையும் விருப்பமான இடங்கள். விளக்கு மூடியைக் கழற்றும்முன் மின் இணைப்பைத் துண்டிக்க மறக்க வேண்டாம். சில நாடுகளின் பழைய வீடுகளில் கூரைக்கடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கும். அதன் மூடி இறுக்கமாகப் பொருந்துகிறதா என்று இப்போதே பார்த்துவிடுவது நல்லது, ஏனெனில் இறந்த ஈக்கள் விழுந்த நீரைத்தான் குழாயில் பிடிக்க நேரிடும்.

இந்தக் குறிப்பைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். வாடகை வீடாக இருந்தால் இதன் மதிப்பு இன்னும் அதிகம். வெளிச்சுவரிலும் கூரையிலும் உள்ள இடைவெளிகளை அடைப்பது பொதுவாக வீட்டு உரிமையாளர் செய்ய வேண்டிய வேலை. ‘ஈ வருகிறது’ என்று வாய்மொழியாகச் சொல்வதைவிட, எந்தச் சன்னலில், எந்த நாளில், எவ்வளவு என்பதைப் படங்களுடன் எழுதி அனுப்பினால் வேலை நடக்கும் வாய்ப்பு கூடும்.

மூன்றாம் படி: ஈக்களை அகற்றுதல்

இதற்கு வேக்குவம் கிளீனரைவிடச் சிறந்த கருவி இல்லை. குளிரில் மந்தமாக இருக்கும் ஈக்கள் பறந்து தப்பாது. குழாயின் முனையை அருகில் கொண்டுசென்றாலே போதும். உறிஞ்சிய ஈக்கள் பைக்குள் உயிருடன் இருக்கும், சற்று நேரத்தில் குழாய் வழியாகவே வெளியே ஊர்ந்து வரும். எனவே வேலை முடிந்ததும் பையை எடுத்து, இறுகக் கட்டி, வீட்டுக்கு வெளியேயுள்ள குப்பைத் தொட்டியில் போட வேண்டும். பையில்லாத வகையானால், சேகரிப்புக் கலனிலுள்ளதைச் சோப்புத் தண்ணீர் உள்ள வாளியில் கொட்டிவிடலாம். ஒவ்வொரு முறையும் பையை மாற்றுவது செலவாகத் தோன்றினால், ஒரு பழைய நைலான் காலுறையைக் குழாயின் வாய்க்குள் செருகி, அதன் விளிம்பை வெளிப்புறம் மடித்து, ரப்பர் வளையத்தால் இறுக்கிவிடுங்கள். ஈக்கள் காலுறையிலேயே தங்கும். இயந்திரத்தை நிறுத்தும்முன் காலுறையை வெளியே இழுத்து முடிச்சிட்டால் போதும்.

ஈயடிக்கும் மட்டையை மட்டும் சுவரிலும் திரையிலும் பயன்படுத்த வேண்டாம். குளிர்காலத்தைக் கடப்பதற்காக இந்த ஈக்கள் உடலில் கொழுப்பைச் சேர்த்து வைத்திருக்கின்றன. நசுக்கினால் எண்ணெய்க் கறை படியும், தேன் போன்ற ஒரு வாடையும் எழும். சன்னல் சட்டத்தில் காணப்படும் கரும்புள்ளிகள் அவற்றின் எச்சம். மிதமான சோப்பு நீரால் துடைத்தால் போய்விடும்.

வெளியே குளிர் சற்றுத் தணிந்து வெயில் அடிக்கும் நாளில் சன்னலைத் திறந்துவிட்டால், கண்ணாடியில் மோதிக்கொண்டிருக்கும் ஈக்களில் பல தாமாகவே வெளியே போய்விடும். செலவே இல்லாத இந்த வழியைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை.

நான்காம் படி: உட்புற இடுக்குகளை அடைத்தல்

ஈ சுவருக்குள் இருப்பது உங்களுக்குத் தொல்லையல்ல; அது அறைக்குள் வருவதுதான் தொல்லை. ஆகவே சன்னல் சட்டத்தைச் சுற்றியும், தரையோரப் பலகையின் மேலும் கீழும், மின்பொத்தான் பெட்டிகளைச் சுற்றியும், கூரையில் விளக்கு பொருத்திய துளையிலும், கூரைவெளிக்குச் செல்லும் கதவின் ஓரங்களிலும் உள்ள இடைவெளிகளை அடைக்க வேண்டும். மெல்லிய விரிசலுக்குச் சிலிகான் அல்லது அக்ரிலிக் அடைப்புப் பசை போதுமானது. திறந்து மூட வேண்டிய கதவுகளுக்கு, ஒட்டும் நுரைப்பட்டையைச் சட்டத்தைச் சுற்றி ஒட்டலாம். மின்பொத்தான் பெட்டிகளில் பசையைப் பீய்ச்ச வேண்டாம். அதற்கென விற்கப்படும் நுரைத்தகடுகளை, மின்சாரத்தை நிறுத்திவிட்டு, மூடிக்குப் பின்னால் வைக்கலாம். இந்த வேலையால் ஈ மட்டுமல்லாமல் குளிர்காற்றும் தடைபடும் என்பதால், சூடாக்கும் செலவும் ஓரளவு குறையும்.

ஐந்தாம் படி: பொறிகள்

புற ஊதா விளக்குப் பொறி கூரைவெளியில் நன்றாக வேலை செய்யும், ஏனெனில் இருட்டில் ஈக்களுக்கு அது ஒன்றே வெளிச்சம். பகல் வெளிச்சம் நிறைந்த அறையில் வைத்தால் பயன் குறைவு. குழல் விளக்குள்ள பொறியானால் ஆண்டுக்கு ஒருமுறை குழலை மாற்ற வேண்டும். கண்ணுக்கு எரிவதுபோல் தெரிந்தாலும் புற ஊதா ஒளி அதற்குள் மங்கியிருக்கும். சன்னல் கண்ணாடியில் ஒட்டும் பொறிகள் எளிமையானவை. ஆனால் கூரைவெளியில் பசைநாடாக்களைத் தொங்கவிடுவதற்கு முன் அங்கே வௌவால் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பசையில் சிக்கிய வௌவால் மீள்வது அரிது.

பூச்சிக்கொல்லி குறித்து ஓர் எச்சரிக்கை

கடைக்குச் சென்று தெளிப்பானை வாங்கி வந்து சன்னலில் அடிப்பதுதான் பெரும்பாலோர் முதலில் செய்யும் காரியம். கண்ணில் பட்ட ஈ சாகும். சுவருக்குள் இருப்பவற்றுக்கு ஒன்றும் ஆகாது. அடுத்த வெயில் நாளில் வேறு ஈக்கள் அதே சன்னலில் இருக்கும். வேக்குவம் கிளீனர் செய்யும் அதே வேலையை, நச்சைச் சேர்த்துச் செய்கிறோம் என்பதைத் தவிர இதில் பயன் இல்லை.

சரி, சுவருக்குள்ளேயே மருந்துத் தூளைச் செலுத்திவிட்டால் என்ன என்று கேட்கலாம். அப்போது நூற்றுக்கணக்கான ஈக்கள் உங்கள் கை எட்டாத இடத்தில் செத்துக் குவியும். இறந்த பூச்சிகளைத் தின்று வாழும் வண்டுகள் உண்டு: டெர்மெஸ்டஸ் வகை வண்டுகளும், கம்பள வண்டுகளும். இவை அந்தக் குவியலில் பெருகி, உணவு தீர்ந்தபின் அறைக்குள் வரும். கம்பள வண்டின் புழுக்கள் கம்பளி, பட்டு, மென்மயிர் ஆடைகளை அரித்துவிடும். இளவேனிலில் தாமாகவே வெளியேறியிருக்கக்கூடிய ஈக்களைக் கொன்று, ஆண்டு முழுவதும் தங்கக்கூடிய வண்டுகளை அழைத்துக்கொண்டது போலாகும்.

அறையில் வைத்துத் திறந்துவிடும் புகைக்குண்டு வகைகளை இன்னும் கடுமையாகத் தவிர்க்க வேண்டும். அந்தப் புகை ஆழமான இடுக்குகளுக்குள் போதுமான அளவு செல்வதில்லை. பல வகைகளில் மருந்தை உந்தித் தள்ளும் வாயு தீப்பற்றக்கூடியது என்பதால், எரிவாயு அடுப்போ நீர்சூடாக்கியின் சிறு சுடரோ இருக்கும் வீட்டில் வெடிவிபத்து நேரலாம். ஆஸ்துமா உள்ளவர்களுக்கும், வளர்ப்பு மீன், பறவைகளுக்கும் அது ஆபத்தானது.

மண்புழு இல்லாவிட்டால் ஈயும் இல்லை என்று கணக்கிட்டு, தோட்டத்து மண்ணில் மருந்து ஊற்ற நினைப்பவர்களும் இருக்கிறார்கள். மண்ணின் வளத்துக்கு மண்புழு எத்தனை இன்றியமையாதது என்பது ஒருபுறம் இருக்க, இந்த ஈக்கள் தொலைவிலுள்ள வயல்வெளிகளிலிருந்தும் பறந்து வருபவை; உங்கள் தோட்டத்தை மட்டும் பாழாக்குவதால் எதுவும் மாறாது.

ஆறாம் படி: கோடையில் செய்ய வேண்டிய வேலை

இளவேனிலில் எஞ்சிய ஈக்கள் வெளியேறிய பின், கூரைவெளியைத் திறந்து இறந்த ஈக்களை எல்லாம் முகக்கவசம் அணிந்து சுத்தமாக உறிஞ்சி எடுத்துவிடுங்கள். மேலே சொன்ன வண்டுகளுக்கு இடம் கொடுக்காமல் இருக்க இது அவசியம். அதன்பின் வெளிப்புற வேலையைத் தொடங்கலாம். வட அரைக்கோளத்தில் ஆகஸ்ட் நடுப்பகுதிக்குள் முடித்துவிடுவது நல்லது. ஆகஸ்ட் இறுதியிலிருந்து ஈக்கள் பிற்பகல் வெயிலில் சுவரில் கூடத் தொடங்கி, வெயில் சாய்ந்து சுவர் குளிரும் நேரத்தில் இடுக்குகளுக்குள் நுழையும். அதற்குப்பின் அடைத்தால், உள்ளே சென்றவற்றை அறைப்பக்கம் திருப்பிவிடுவதாகவே முடியும்.

பகலில் கூரைவெளிக்குள் சென்று, விளக்கை அணைத்துவிட்டுச் சற்று நேரம் நில்லுங்கள். வெளிச்சம் கசியும் இடமெல்லாம் ஈ நுழையும் வழி. குளிர்காலத்தில் எழுதிவைத்த குறிப்பை எடுத்து, அதிகம் ஈ வந்த சன்னலுக்கு நேரே வெளிச்சுவரில் என்ன இருக்கிறது என்று ஆராயுங்கள். கூரையும் சுவரும் சேரும் விளிம்பு, வெளிப்பலகைகளின் முனைகள், சன்னல் சட்டத்தின் வெளிச்சந்து, தொலைபேசிக் கம்பியும் குழாய்களும் சுவரைத் துளைத்துச் செல்லும் இடங்கள் ஆகியவை முதலில் பார்க்க வேண்டியவை. சிறு விரிசலுக்கு வெளிப்புறப் பயன்பாட்டுக்கான அடைப்புப் பசையும், அகன்ற இடைவெளிக்கு முதலில் நுரைக்கயிற்றைத் திணித்து அதன்மேல் பசையும் இடலாம். ஏணி வேலையை ஒருபோதும் தனியாகச் செய்ய வேண்டாம். இரண்டாம் மாடி உயரமானால் அதற்குரிய பணியாளரிடம் விட்டுவிடுவதே அறிவுடைமை.

அடைக்கவே கூடாத துளைகளும் உண்டு. ஆர்வக்கோளாறால் இங்கேதான் பெருந்தவறு நேர்கிறது. சூடாக்கியின் புகைக்குழாயை மூடினால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் தங்கி உயிரைப் பறிக்கும். கூரையின் காற்றுத் துளைகளை முழுவதும் அடைத்தால் உள்ளே ஈரம் படிந்து மரச்சட்டங்கள் பூஞ்சை பிடித்து அழுகும். அவற்றுக்கு நுண்ணிய உலோகக் கம்பிவலை பொருத்த வேண்டும், அவ்வலை தூசியால் அடைபடாமல் ஆண்டுக்கொரு முறை துடைக்கவும் வேண்டும். செங்கற்சுவரின் அடிப்பகுதியில் வரிசையாகக் காணப்படும் சிறு துளைகள் சுவருக்குள் சேரும் நீர் வடிவதற்காக விடப்பட்டவை. அவற்றில் பசை இடாமல், அதற்கென உள்ள வலைச்செருகிகளை வைக்கலாம். கூரைவெளியில் வௌவால்கள் தங்கியிருந்தால் நீங்களாக எதையும் அடைக்கவோ தெளிக்கவோ கூடாது. பல நாடுகளில் அவை சட்டப் பாதுகாப்புப் பெற்றவை, அவற்றின் உறைவிடத்தை மூடுவதே குற்றமாகும். வனவிலங்குத் துறையினரைக் கேட்ட பின்பே மேற்கொண்டு செயல்பட வேண்டும்.

எவ்வளவு கவனமாக அடைத்தாலும், பழைய வீட்டில் ஓர் ஈகூட வராது என்று எதிர்பார்க்க முடியாது. எண்ணிக்கை பெரிதும் குறைந்தாலே வேலை பலித்தது என்று கொள்ளலாம். அடுத்த குளிர்காலத்தில் எங்கே வருகின்றன என்பதைப் பார்த்து, விட்டுப்போன இடத்தை அதற்கடுத்த கோடையில் அடைக்கலாம்.

பணியாளரை அழைப்பது எப்போது

இத்தனை செய்தும் நூற்றுக்கணக்கில் ஈக்கள் வந்தால், பூச்சிக்கட்டுப்பாட்டுப் பணியாளரை அழைக்கலாம். அவர் செய்யக்கூடிய பயனுள்ள காரியம், ஈக்கள் கூடும் வெளிச்சுவரில் பைரெத்ராய்டு வகை மருந்தை, அவை தங்குமிடம் தேடி வருவதற்குச் சற்று முன்பாக, அதாவது கோடையின் இறுதியிலோ இலையுதிர்காலத் தொடக்கத்திலோ தெளிப்பது. வெயிலும் மழையும் அம்மருந்தைச் சிதைத்துவிடும் என்பதால் முன்கூட்டியே தெளித்தாலும் வீண். ஈக்கள் உள்ளே சென்றபின் தெளித்தாலும் வீண். இவ்வகை மருந்து தேனீக்களுக்கும் மீன்களுக்கும் கொடிய நஞ்சு என்பதால், பூத்திருக்கும் செடிகளுக்கு அருகிலும் குளத்தை ஒட்டியும் தெளிக்க விடாதீர்கள்.

பணியாளர் ஈயைப் பார்த்து இனத்தைச் சொல்கிறாரா, கூரைவெளிக்குள் ஏறிப் பார்க்கிறாரா, இடுக்குகளை அடைப்பது பற்றிப் பேசுகிறாரா என்று கவனியுங்கள். இவை எதுவும் இன்றி, குளிர்காலம் முழுவதும் மாதாமாதம் வந்து அறைகளுக்குள் மருந்து தெளிப்பதாகச் சொல்லி ஒப்பந்தத்தை நீட்டினால், அதில் கையெழுத்திடாமல் வேறொருவரை அழையுங்கள்.